சுக்குப்பொடியும் மகளின் கால்விரலும்

மகளுக்கு ஏழு வயதில் இருதய ஆபரேசன் நடந்தது. நெஞ்சில் பிறவி ஓட்டை. அறுபதுகளின் கடைசி அது. நான் பீளமேட்டில் மில் வேலை. மெட்ராசில்தான் செய்ய முடியும் என்றார்கள். ரயிலேறினோம்.

ஆபரேசன் முடிந்த மறுநாள் காலை அரைமணி நேரம் எங்களை உள்ளே விட்டார்கள். கண்மூடிக் கிடந்தாள். கால் இரண்டும் ஐஸ்கட்டி. அங்கிருந்த நர்சம்மா பவானிக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் நின்று விளக்கினார். ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, அவற்றை விரிக்கிற மருந்துதான் பாட்டிலிலிருந்து சொட்டுகிறது என்றார்.

"வாய்க்கா அடச்சுக் கெடந்தா மோட்டார் திணறுமுங்கல்ல? தொறந்துட்டா இருதயத்துக்குப் பாடு கொறையுமுங்க."

மருந்து அதிகமானால் பிரசர் இறங்கிவிடுமாம். அதனால் அடிக்கடி கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடு வந்தால் சொட்டைக் குறைப்பார்கள்.

எனக்குப் புரிந்தது. என் மனைவிக்குக் குளிர்ந்த கால் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் கால் சில்லிட்டால் சுக்குப்பொடி போட்டுத் தேய்ப்போம். அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். நர்சம்மா அந்தப் பக்கம் போனதும் போர்வைக்குள் கைவிட்டுத் தேய்த்தாள். நான் தடுக்கவில்லை. நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

நர்சம்மா வந்தார். விரலைத் தொட்டார். சூடு வந்துவிட்டதென்று டாக்டரிடம் சொன்னார். சொட்டைக் குறைத்தார்கள். நாங்கள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அது மருந்து கொடுத்த சூடு இல்லை. இவள் கை கொடுத்த சூடு.

சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். சொன்னால் இனி உள்ளே விடமாட்டார்கள் என்று பயம்.

"தொடச்சுப்போட்டுத்தான் வந்தேனுங்க. ஒண்ணும் ஆவாது."

எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். நர்சம்மா தன் விரலை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, மில்லுல மீட்டர் முள்ளக் கையில தள்ளி வெப்பீங்களா?"

"இல்லீங்க."

"இதும் அதேதானுங்க."

உள்ளே ஓடினார். கால் மறுபடி சில்லிட்டிருந்ததாம். டாக்டர் வந்து சொட்டைக் கூட்டினார். சாயங்காலம் எங்களை உள்ளே விடவில்லை. மனைவி என்னோடு பேசவில்லை. வாங்கிக் கொடுத்த டீ அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் காலை நர்சம்மா எங்களைக் கூப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வரச்சொன்னார். மனைவி கழுவின கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். மகளின் கால்விரலைத் தொட்டுப் பார்க்கும்படி நர்சம்மா என்னிடம் சொன்னார்.

தொட்டேன். கட்டைவிரல் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் தேய்க்காத சூடு.

மகள் கண்ணைத் திறந்தாள்.

"கை சில்லுனு இருக்குதுங்கப்பா. எடுங்க."

எடுத்துக்கொண்டேன்.

"புள்ள சொல்றாளல்ல, அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி. முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான். தள்ளி நின்றேன்.