சாமியறையில் இருந்த சாணைக்கல்

அத்தான் தாடி வளர்க்கத் தொடங்கியதும்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறார்கள். கந்தோர் வேலைக்குப் போன காலத்தில் சவரம் செய்யாமல் வாசல் தாண்டாத மனிதர். கை நடுக்கம் வந்த பிறகு ஞாயிறுதோறும் கிருலப்பனையிலிருந்து போய் நான்தான் வழித்துவிடுவேன். அதுவும் அவருடைய தகப்பனார் விட்டுப்போன மடக்குச் சவரக்கத்தியால். கடை ரேஸர் பட்டால் அவருக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம்.

அந்தக் கத்தி மழுங்கி மொட்டையாகிவிட்டது. முன்பு தீட்டிக்கொடுத்த சலூனில் இப்போது ஒருமுறை போட்டு எறிகிற பிளேட்தான். ஒரு ஞாயிறு நான் வழிக்கும்போது கத்தி மயிரைப் பிடித்து இழுத்ததில் அவர் கண் கலங்கிவிட்டது.

"விடு தம்பி. நான் தாடியோடையே இருக்கிறன். இனி ஆர் என்னைப் பாக்கப்போகினம்?"

அன்றோடு பின்னேரக் கடற்கரை நடையும் நின்றது. மனிதர் அறைக்குள்ளேயே முடங்கிப்போனார்.

எனக்கு ஒன்று மண்டைக்குள் ஏறினால் இறங்காது. கத்தி தீட்டுகிற பழைய இயற்கைக் கற்களைப் பற்றிக் கைபேசியில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். கொட்டாஞ்சேனைப் பழைய சாமான் கடையொன்றில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல் கிடைத்தது. "ஹொந்த கலக், மஹத்தயா" என்று கடைக்காரர் சிங்களத்தில் அடித்துச் சொன்னார். நல்ல கல்லாம். வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் பிடித்தால் சீனி தூவினது போல மினுங்குகிறது. அவ்வளவு பருமணி; தச்சருக்கு உளி தீட்ட உதவும். முகத்தில் வைக்கிற கத்தியை அதில் வைத்தால் அலகு கிழிந்துபோகும். எனக்கு வந்த எரிச்சலில் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா சாமியறையில் சந்தனம் உரைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாகப் பார்த்த கல்தான். அன்றுதான் அதன் பக்கவாட்டைக் கவனித்தேன். மேலே வெளிர் மஞ்சள், கீழே கருஊதா. இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு.

"அக்கா, இது ஏன் மஞ்சள்?"

"சந்தனம் ஊறித்தான். வேறை என்னத்தாலை?"

ஊறின சந்தனம் கோடு போட்டாற்போல் ஓரிடத்தில் நிற்குமா? கல்லைக் கழுவி, ஓரத்தில் என் பேனாக்கத்தியைத் தேய்த்தேன். பால் போல வந்த தண்ணீர், இரும்புத்தூள் கலந்து மெல்லச் சாம்பலானது. கத்தியில் கண்ணுக்குத் தெரிகிற கீறல் ஒன்றும் இல்லை. சவரக்கத்தி தீட்டுகிற நல்ல கல் இப்படித்தான் இரண்டு நிறத்தில், இவ்வளவு நைசாக இருக்கும் என்று கைபேசியில் படித்திருந்தேன்.

"எங்காலை எடுத்தனீ இதை?"

"மாமான்ரை சவரப்பெட்டிக்குள்ளை கிடந்தது. சந்தனக்கல்லாக்கும் எண்டு எடுத்து வைச்சனான்."

அத்தானின் தகப்பனாருடைய கத்தியோடு கூடவே வந்த கல்! விஷயத்தைச் சொன்னதும் அக்கா கல்லைப் பறித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன விசரே? சாமின்ரை கல்லிலை மயிர் வழிக்கிற கத்தியோ?"

"நீ அத்தான் வெளியிலை போகவேணுமெண்டுதானே சாமியைக் கும்பிடுறாய்?"

அவள் கல்லைச் சாமிப்படத்துக்கு முன்னால் திரும்ப வைத்தாள். எனக்கு அதற்குமேல் வாயைக் கொடுக்கத் துணிவில்லை.

மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தாள். "கல்லைக் கழுவித் துவாயிலை சுத்தி வைச்சிருக்கிறன். சாமிக்குக் கடைச் சந்தனம் போதும்."

சந்தனக்கட்டை உரைத்து உரைத்துக் கல்லின் நடுவில் குழி விழுந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடித் துண்டில் மண்தாள் விரித்து, கல்லை ஈரத்தோடு தேய்த்துச் சமப்படுத்தவே என் இடுப்பு விட்டுப்போனது. பிறகு கத்தியை அழுத்தாமல், முதுகும் அலகும் ஒன்றாகப் படிய, கல்லின் மேல் இழுத்தேன். கடைசியில் முன்னங்கை மயிரில் வைத்துப் பார்த்தேன். தொட்டதும் உதிர்ந்தது.

ஞாயிறு அத்தானைக் கெஞ்சி உட்காரவைத்தேன். சுடுதண்ணீர்த் துவாய், சோப்பு நுரை. கத்தி கன்னத்தில் இறங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டவன் நான்தான். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். அக்கா விளக்கேற்றப் போனவள், தீப்பெட்டியும் கையுமாகக் கதவடியில் நின்றாள்.

முடித்துத் துடைத்துவிட்டதும், நடுங்கும் கையால் கன்னத்தைத் தடவினார். பிறகு மறுகன்னத்தை. கண்ணாடி கேட்பார் என்று நினைத்தேன்.

"என்ரை வெள்ளைச் சேட் எங்கை?" என்றார் அக்காவிடம். "தம்பியோடை கடற்கரைக்கு ஒருக்காப் போட்டு வாறன்."

அக்கா தீப்பெட்டியைச் சாமிப்படத்துக்கு முன்னால் அப்படியே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேட்டுக்கு அயன் போட ஓடினாள்.