ஆறுமணிக் குருவியைக் கூப்பிட்டது

டீச்சர் தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை. பார்ப்பது அவர், கேட்பது நான். அப்படித்தான் எங்கள் ஏற்பாடு. வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள காட்டைப் புயல் முறித்துப் போட்ட பிறகு, அங்கே மண்டிய சீமைக்கருவையை வேரோடு பறித்த கூலி ஆட்களில் நானும் ஒருத்தி. வெட்டவெளியான அந்த இடத்தில் நட்ட பாலைமரக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்ததும் குருவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவற்றைக் குறித்துவைக்க டீச்சர் விடியுமுன்னே வருவார். அவருக்குக் காது மந்தம். காதோரம் வாய் வைத்துச் சொன்னால்தான் கேட்கும். எனக்கோ இலைக்கு அடியில் நடக்கிற குருவியும் கேட்கும். அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார். 'ஆயா' என்பார். வயதுக்குத் தருகிற மரியாதையா, பள்ளிக்கூடம் கூட்டுகிறவளைக் கூப்பிடுகிற பெயரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஐப்பசி விடியலில், புயலுக்குப் பிறகு முதல்முறையாக, ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. வடக்கேயிருந்து பறந்து வந்து களைத்து இறங்குகிற குருவி. காலையும் மாலையும் வேளை தவறாமல் சீட்டி அடிக்கும். டீச்சர் காதில் சொன்னேன்.

"நான் கண்ணால பாத்தாத்தான் நோட்டுல ஏறும் ஆயா. நீங்க கேட்டதை எழுதினா சிரிப்பாங்க."

"என் காதுல என்ன குறை கண்டீங்க?"

"காது சரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்க சொன்னாங்கன்னு எழுத முடியுமா?"

நான் கையெழுத்துப் போடுகிறவள். எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படிப்பேன். நான்கு நாள் அது புதருக்குள்ளிருந்தே கூப்பிட்டது, நான்கு நாளும் நோட்டில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணி வைத்துப் பிழைத்த என் அப்பாவிடம் கற்றது ஒன்று உண்டு: அதன் சீட்டியை நாமே அடித்தால், தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று சண்டைக்கு வரும். அப்பா காலத்தில் அது பெரிய மரங்களின் நிழலுக்குள்ளேயே வந்தது. இப்போது அதை மறைக்க மேலே ஓர் இலைகூட இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடித்தேன். வந்தது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, வெறும் மண்ணில் தத்தித் தத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "பாத்தீங்களா டீச்சர்?" என்று திரும்பினேன். அதற்குள் பட்டமரத்திலிருந்து வல்லூறு இறங்கிவிட்டது. எங்கள் எதிரிலேயே, உயிர் துடிக்கத் துடிக்க, இறகைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றது. டீச்சர் பைனாகுலரைக் கடைசிவரை இறக்கவில்லை. பிறகு நோட்டை எடுத்தார். எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். ஆறுமணிக் குருவி, ஒன்று. வல்லூறு, ஒன்று.

"ஒரே நேரத்துல ரெண்டு கெடைச்சிருச்சு ஆயா" என்று என் முதுகைத் தட்டினார்.

இந்த ஐப்பசியிலும் போகிறோம். கன்றுகள் என் இடுப்புக்கு வந்திருக்கின்றன. ஒரு குருவியை மறைக்க அது போதாது. வல்லூறு அதே பட்டமரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று, பத்தடி தள்ளிப் புதருக்குள் அந்தச் சீட்டி கேட்டது.

"வந்திருக்கா ஆயா? கூப்பிட்டுப் பாருங்களேன்."

அவர் காதோரம் குனிந்தேன்.

"ஒண்ணும் கேக்கல டீச்சர். எனக்கும் காது போயிருச்சு."