ஒரு வண்டி வைக்கோல்

மானாம்பதி ஆண்டாளம்மாள் வாய்ப்பேச்சை நம்பியதே இல்லை. கோழி விற்றாலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். ஐம்பத்தெட்டாம் வருஷம், வாலாஜாபாத்தில் பால்மாடு வைத்திருந்த வீராசாமிக்கு ஐந்து வண்டி வைக்கோல் விற்பதாக அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள். அனுப்பியதோ ஒற்றைமாட்டு வண்டிகளில், பாதிப் பாரம்.

வீராசாமி கோர்ட்டுக்குப் போனார்.

"வண்டின்னுதான் எழுதிக்கீது. எவ்ளோ பெரிய வண்டின்னு அதுல எங்கங்க கீது?" என்று கூண்டில் நின்று கேட்டாள் ஆண்டாளம்மாள்.

"பத்திரம் சொல்லவில்லையென்றால் ஊரைத்தான் கேட்க வேண்டும்" என்றார் முன்சீப்.

வீராசாமிக்குச் சாட்சி சொல்ல வந்தவர் அவள் ஊர்க்காரரான வேதகிரி. "எங்க ஊர்ல ரெட்டைமாட்டு வண்டி நெறைய ஏத்தினாத்தாங்க ஒரு வண்டி. மழை பொய்ச்ச வருசம் இந்தம்மா எங்கிட்ட வாங்குனாங்க. ஒரு கட்டு கொறைஞ்சிதுன்னு வண்டியையே திருப்பிக்கினு போவச் சொன்னாங்க."

அவளுடைய வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் ஆண்டாளம்மாள் பெருமையோடு குறுக்கிட்டாள்: "பின்ன இன்னாங்க? என்னை எவனும் ஏமாத்த முடியாது."

முன்சீப் அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்புப்படி மீதி வைக்கோல் இரட்டைமாட்டு வண்டிகளில் போய்ச் சேர்ந்தது. வேதகிரியின் வாய்தான் தன்னைத் தோற்கடித்தது என்று ஆண்டாளம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.