லினோவுக்குக் கீழே ஒரு செப்டெம்பர்

பழைய லினோ விரிப்பைத் தரையிலிருந்து உரித்தெடுக்கும்போது ஒரு மணம் எழும். நனைந்த சாக்கும் காய்ந்த பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினால் ஒரு கிழமைக்கு இறங்காது. ஒக்லாந்தின் ஒடாஹுஹுவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மரவீட்டின் சமையலறையில், எங்கள் பேச்சில் ‘குசினி’யில், தண்ணீர்க் குழாய் கசிந்து தரை விரிப்பு ஊதிப் பொருமிப்போக, பழையதை உரித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் ரவி மாமாவும் முழங்காலில் நின்று உரிக்கத் தொடங்கினார்கள். நான் பதினொரு வயதுக்காரி. உரித்த துண்டுகளை முற்றத்துக்கு இழுத்துப்போவது என் வேலை. அடியில் வெறும் பலகைதான் இருக்கும் என்று நினைத்தோம். சுவரிலிருந்து சுவர் வரைக்கும், தேயிலைச் சாயத்தில் தோய்த்த நிறத்தில், ஆங்கிலப் பத்திரிகைத் தாள்கள் கிடந்தன.

இந்த நாட்டில் அது அந்தக் காலத்து வழக்கமாம். பலகையின் மேடுபள்ளம் தெரியாமலும் குளிர் ஏறாமலும் இருக்க, வாசித்து முடித்த பத்திரிகைகளைப் பரப்பி அதன்மேல் லினோவை விரிப்பார்கள். இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கவைக்க நேரமில்லை. மாமா ஒரு தாளின் நடுவில் காலூன்றி நின்றதைக் கண்டதும் அம்மா கையிலிருந்த அகப்பையோடு பாய்ந்து வந்தார்.

“காலை எடடா! எழுத்தெல்லோ அது!”

மாமா துள்ளி விலகி, குனிந்து தாளைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். எந்த மொழியில் இருந்தாலும் எழுத்து சரஸ்வதி. காலில் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் சுங்கத்துக்காரர் திறந்து பார்க்க முடியாத சாமான் இது. “ஐஞ்சு வருஷமா சரஸ்வதிக்கு மேல நிண்டெல்லோ மீன்குழம்பு வைச்சிருக்கிறன்,” என்று அம்மா நெஞ்சில் கைவைத்தார். அப்பாவுக்குச் சிரிப்பு. “எங்களுக்கு முதல் வெள்ளைக்காரர் ஐம்பது வருஷம் நிண்டவங்கள். அவங்களுக்கு என்ன நடந்தது?” என்றார்.

“அவைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுமெல்லோ.”

அதோடு வழக்கு முடிந்தது. தாள்களைத் திரும்ப மூடவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. தோசைக் கரண்டியால் ஓரம் ஓரமாக நெம்பி, கிழியாமல் எடுத்து, முன்னறையில் வெயில் விழும் இடத்தில் அடுக்கினோம். தாள்கள் பின்வாசலில் தொடங்கி அடுப்படி வரை தேதி வரிசையாகவே விரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதத்துத் தாள்கள்: 1938 செப்டெம்பர். லினோ போட்டவர் ஒரு மாதப் பத்திரிகையைச் சேர்த்துவைத்து, இங்கே செப்டெம்பரில் தொடங்கும் வசந்தத்தில் வீட்டைப் புதுக்கியிருக்க வேண்டும்.

அந்த நாள்களில் எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: ரவி மாமாவின் கலியாணம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட், சிரித்தால் வீடு முழுக்கக் கேட்கும். கோண்டாவிலில் அவருக்கென்று ஒரு பெண்ணை முன்பே பேசிவைத்திருந்தார்கள். போர் காரணமாக அது தள்ளித் தள்ளிப் போய், 1995 தை மாதம் ஊரில் போர்நிறுத்தம் வந்து பேச்சுவார்த்தையும் தொடங்கியதும், அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கலியாணம் எங்கள் கோயிலில், ஊரவர் முன்னிலையில் நடக்க வேண்டும். அப்பாவோ, பெண்ணைக் கொழும்புக்கு அழைத்து அங்கேயே தாலியைக் கட்டிக்கொண்டு இருவரும் இங்கே வந்துவிட வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்துக்குள் போவது எளிது, திரும்பி வருவது யார் கையில் என்பது அவர் கேள்வி. மாமா இரண்டு பக்கமும் தலையாட்டினார். “ஆறின கஞ்சி பழங்கஞ்சி,” என்று அம்மா நாளுக்கொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் செப்டெம்பர் வந்து சேர்ந்தது. பின்னேரம் தேநீர் குடிக்கும்போது நான் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்புகளை உரக்க வாசிப்பேன்; மாமா காலை நீட்டிக்கொண்டு தொடர்கதை கேட்பதுபோலக் கேட்பார். அப்பா பென்ரோஸ் தொழிற்சாலையிலிருந்து வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதவோரம் நின்று கேட்பார். அப்பா ஊரில் சரித்திர ஆசிரியர். இங்கே அவர் படிப்பைக் கேட்பார் இல்லாமல், பெயின்ற் வாளிகளுக்கு மூடி போடும் யந்திரத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தாள்களில் எனக்குப் பிடித்தது தொப்பி விளம்பரங்கள். வசந்தகாலத் தொப்பிகள், இறகு வைத்தவை, வலை வைத்தவை. பக்கத்திலேயே குதிரைப் பந்தயம், றக்பி, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உதவ இந்த நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம். ஸ்பெயினில் ஓர் ஆற்றங்கரையில் சண்டை. சீனாவின் உள்நாட்டு நகரம் ஒன்றை நோக்கி ஜப்பான் படை நெருங்கிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் தொப்பிகளுக்கும் கட்டில்களுக்கும் இடையில், சிறிய எழுத்தில், வேறு யாருக்கோ நடப்பவையாக அச்சாகியிருந்தன. தாள் நகர நகர எழுத்துப் பெரிதானது. ஜெர்மனியின் தலைவர் பெருங்கூட்டத்தில் பேசுகிறார். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதி தனக்கு வேண்டும் என்கிறார். இங்கிலாந்தின் பிரதமர், வயதானவர், குடையும் கையுமாக விமானமேறி அவரைக் காணப் போகிறார். வருகிறார். மறுபடி போகிறார். நடுவில் அமெரிக்கக் கரையோரத்தைப் புயல் அள்ளிக்கொண்டு போகிறது. ஸ்கொட்லாந்தில் உலகத்திலேயே பெரிய கப்பலைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். தொப்பி விளம்பரங்கள் மட்டும் குறையவேயில்லை.

ஒருநாள், லண்டன் பூங்காக்களில் மக்கள் பள்ளம் வெட்டுகிறார்கள் என்று வாசித்தேன். குண்டு விழுந்தால் பதுங்குவதற்காம். எங்கள் யாழ்ப்பாண வீட்டு வளவில், தென்னங்குற்றி போட்டு மண் மூடிய ‘பங்கர்’ எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குள் ஒரு தவளை இருந்தது.

“பாரன், வெள்ளைக்காரனும் பங்கர் வெட்டியிருக்கிறான்!” என்று மாமா கைதட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தாளைத் திருப்பும்போதெல்லாம் எனக்குப் பயம் வந்தது. ஆனால் திருப்பாமலும் இருக்க முடியவில்லை. ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன் முடிந்துபோன மாதம் அது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை, இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றே தோன்றியது.

கடைசித் தாள் அடுப்புக்கு நேர்கீழே கிடந்தது. மாதம் முடிந்து மறுநாள் வந்த பத்திரிகை. அதை நான் வாசித்தபோது அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மியூனிக் நகரத்தில் நாலு நாட்டுத் தலைவர்கள் இருந்து பேசிக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். போர் இல்லை. குடைக்காரப் பிரதமர் ஊர் திரும்பி, கையெழுத்திட்ட கடதாசியை உயர்த்திக் காட்டுகிறார். தெரு முழுக்கச் சனம். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுகிறார்களாம். ஒக்லாந்திலும் தேவாலயங்களில் நன்றி செலுத்தப்போகிறார்களாம்.

“பாத்தியளே,” என்றார் அம்மா. “இத்தனை நாளும் அடுப்புக்குக் கீழ இருந்து, சரஸ்வதி இப்ப வெளிய வந்து சொல்லுறா. பேசினா எல்லாம் சரிவரும் எண்டு சொல்லுறா.”

அப்பா கதவோரத்திலிருந்து ஓரடி உள்ளே வந்தார். “கமலா, அதுக்கு அடுத்த வருஷம்...”

“நல்ல காரியம் கதைக்கேக்க வாயைத் திறக்காதேங்கோ. வெண்ணெய் திரண்டு வரேக்க தாழியை உடைக்கிறதே?”

நல்ல காரியத்துக்கு முன்னால் கெட்ட சொல் சொல்லக் கூடாது. புறப்படுகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். இவை சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டங்கள். மீறினால், பின்னால் எது பிழைத்தாலும் பழி சொன்னவன் தலையில்தான் விழும். அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா அந்தத் தாளின் மூலைகளுக்குச் சந்தனம் தொட்டு, சாமித்தட்டில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் கிழமையே மாமாவுக்கு விமான ரிக்கற் போட்டாயிற்று.

பங்குனிக் கடைசியில் மாமா புறப்பட்டார். வாசலில் நிறைகுடம், எதிரே சுமங்கலியாக அம்மா, எல்லாம் முறைப்படி. விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப்போகும்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

“ரவி.”

“என்ன அத்தான்?”

கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. அப்பா பார்வையைத் தெருவுக்குத் திருப்பினார். பிறகு, “கொழும்பில ரெண்டு கிழமை நிண்டு, நிலைமையைப் பாத்திட்டுப் போ,” என்றார். “ஓம் அத்தான்,” என்றார் மாமா. உள்ளே போகும்போது திரும்பிக் கையைத் தூக்கி, “போட்டு வாறன்,” என்றார். போறன் என்று சொல்லக் கூடாது; திரும்பி வருவேன் என்ற பொருளில் போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மாமா சரியாகவே சொன்னார்.

கொழும்பில் அவர் நிற்கவில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்குப் பெண்வீட்டில் இருக்க வேண்டும் என்று நேரே போய்விட்டார். வருஷம் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, பேச்சுவார்த்தை முறிந்தது. மறுபடியும் சண்டை. பாதை மூடிவிட்டது, தொலைபேசி அங்கே முன்பே இல்லை. மேளம் இல்லாமல் கோயில் உள்வீதியில் தாலி கட்டிய சேதியோடு கைமாறிக் கைமாறி ஒரு படம் வந்து சேர்ந்தது. பட்டுவேட்டியில் மாமா, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் குனிந்த தலையோடு மாமி. அம்மா படத்தை அந்தப் பத்திரிகைத் தாளுக்கு மேல் சாத்திவைத்தார்.

ஒக்டோபர் கடைசியில், படை நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில், கொட்டும் மழையில், ஒரே தெருவால் வெளியேறி நடந்தது. மாமியும் அவருடைய தாயும் கிளிநொச்சிவரை போய்ச் சேர்ந்தார்கள். மாமா பாதி வழியில், கிழவிக்கு மருந்தும் கொஞ்ச அரிசியும் எடுத்து வருவதற்காகத் திரும்பிச் சைக்கிளை மிதித்தாராம். மாமியிடமும், “போட்டு வாறன்” என்றுதான் சொன்னாராம். இன்றுவரைக்கும் மாமாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. அம்மா எத்தனையோ பேரைக் கேட்டார், எத்தனையோ இடத்துக்குப் படத்தை அனுப்பினார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நாள்களில் ஒருநாள் பின்னேரம், நான் குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அப்பா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா நெடுநேரம் சாமித்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

“அந்தப் பேப்பருக்குப் பிறகு என்ன நடந்தது?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார்.

“தெரியாது,” என்றார்.

எத்தனையோ வருஷம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சரித்திரத்தை மாதம் தேதியோடு சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவேயில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது, அது நின்ற காணியில் தீப்பெட்டி அடுக்கினதுபோல ஆறு மாடிவீடுகள் நின்றன. கொங்கிறீற் தளத்தில் பிளாஸ்ரிக் பலகை ஒட்டியிருப்பார்கள், கீழே ஒன்றும் இருக்காது. மற்றத் தாள்கள் பூச்சி அரித்து உதிரத் தொடங்க, அம்மாவின் சம்மதத்தோடு அப்பா அவற்றை எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார். அந்த மரமும் போய்விட்டது. அப்பா போய் ஆறு வருஷம். தரைக்கு விரிக்க இன்று யாரிடம் பத்திரிகை இருக்கிறது? செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது, தலைவர்கள் கைகுலுக்கிய படமும் வருகிறது, அடுத்த படத்தைத் தள்ளுகிறோம். அந்த லினோவை முழங்காலில் நின்று விரித்தவரை மட்டும் சில வேளை நினைப்பேன்: அடுத்த செப்டெம்பரில் அவர் எங்கே நின்றாரோ.

கடைசித் தாள் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அம்மா இப்போது எங்களோடுதான். சென்ற சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் இறக்கிவைத்தார். என் மகளுக்குப் பதினாலு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சரித்திரம் அப்போதுதான் படித்திருந்தாள். குனிந்து முழுவதையும் வாசித்துவிட்டு, பாவம் இந்தச் சனங்கள், அடுத்த வருஷமே உலகப் போர் வரப்போகிறது என்று ஒருவருக்குமே தெரியவில்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் அவளைத் தடுக்க வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சட்டத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே சொன்னார்:

“தெரிஞ்ச ஆள் எங்கட வீட்டிலயே இருந்தவர், பிள்ளை. நான்தான் கதைக்க விடேல்லை.”