இரண்டு செட்டை

அருமைநாயகியை நீர்வேலியில் ஒருவரும் மலடி என்று முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த சனம். கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க ஆள் தேடும்போது மட்டும் அவள் நின்ற பக்கம் பார்க்கமாட்டார்கள். பதினொரு வருடமாக அவளும் அடுப்படியிலேயே நின்று பழகிவிட்டாள்.

புருசன் ஏரம்பு நல்ல மனிதன், வாய்தான் இல்லை. அவன் பங்கு வாயும் சேர்த்துக் கொடிகாமத்துத் தமக்கை பத்மாசினிக்குப் போயிருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு வந்தவள், அருமைநாயகியை வைத்துக்கொண்டே கதையைத் தொடங்கினாள்.

"தம்பி, உனக்குப் பொம்பிளை பார்த்திட்டன். நாயகி மூத்தவளாய் இருந்திட்டுப் போகட்டும், ஆர் வேண்டாமெண்டது?"

ஏரம்பு நிலத்தைப் பார்த்தான். "சித்திரை மட்டும் பொறுங்கோ அக்கா," என்றான். அருமைநாயகிக்குக் கிடைத்த தவணை அவ்வளவுதான்.

மாசியில் கிணற்றடிப் பாகல் பந்தலுக்கு ஒருவகைப் பூச்சிகள் வந்தன. நெல்லளவு உடம்பு, செம்மண் நிறம், முதுகில் மஞ்சள் கோடு, ஒடுங்கிய இடை, வாலில் ஊசி. குளவி வீட்டில் மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அருமைநாயகி பந்தலடியை விட்டு நகரவில்லை. குஞ்சுக் குளவிகள், கூட்டுக்கு இடம் பார்க்கின்றன என்று ஏரம்புவிடம் மட்டும் சொன்னாள். பந்தலுக்குப் புகை போட அவன் கொண்டுவந்த சட்டியைத் தடுத்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றிலிருந்து தினமும் விடிய எழும்பி, மண்கூடு ஏதும் தெரிகிறதா என்று கூரை முகட்டு வளையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினான், பாவம்.

பங்குனியில் பாகற்காய்கள் பிஞ்சிலேயே மஞ்சளித்து விழுந்தன. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த பந்தல் கண்முன்னே நாறியது. ஏரம்பு பொறுக்கமாட்டாமல் விவசாயப் போதனாசிரியர் நமசிவாயத்திடம் ஓடினான். அவர் கேட்டுவிட்டு, குளவிக்கு நாலு செட்டை, ஈக்கு இரண்டே இரண்டு, எண்ணிப் பார் என்று ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். இரண்டென்றால் பழ ஈ. விழுந்த காயெல்லாம் ஆழப் புதைக்க வேண்டும்.

ஏரம்புவின் கண்ணுக்குக் கிட்டத்தில் எல்லாம் புகார் மூடினதுபோல் மங்கல். பூதக்கண்ணாடி வைத்தும் பிடிபடவில்லை. செத்த பூச்சியைப் பீங்கான் கோப்பையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

அவள் ஈர்க்குக் குச்சியால் செட்டையை மெல்லத் தூக்கினாள். கண்ணாடி போன்ற சிறகு. மேல் விளிம்பு மண்ணிறம். அதன் கீழே இன்னொன்று இல்லை. நாலு என்று சொல்லிவிடலாம். அவன் நம்பிவிடுவான்; அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இரண்டு," என்றாள்.

"வடிவாய், இன்னொருக்கா எண்ணிப் பாரும்."

அந்தக் குரல் அவளை உலுக்கிப் போட்டது. இந்த மனிதனும் அல்லவா நாலுக்காகக் காத்து நிற்கிறான்! மறுபடி தூக்கினாள்.

"இரண்டுதான். மற்றதுகள் இருக்க வேண்டிய இடத்திலை குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ்தான் கிடக்கு."

ஏரம்பு கோப்பையை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு, "வாலிலை கிடக்கிற ஊசி கொட்டுறதுக்கில்லையாம். காயைக் குத்தி முட்டையிடுறதுக்காம். நூற்றுக்கணக்கிலை இடுமாம்," என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அருமைநாயகிக்கு அந்த ஈயின்மேல் பொறாமை வந்தது. வெட்கங்கெட்ட பொறாமை. ஒரு பூச்சியோடு போட்டிபோட வந்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வேலி ஓரமாக அவன் ஆழக் குழியாய்க் கிடங்கு வெட்டினான். அவள் அழுகிய காய்களைப் பனையோலைக் கடகத்தில் பொறுக்கி வந்து கொட்டினாள். மண்ணை இழுத்து மூடிவிட்டு அவன் மண்வெட்டியோடு நின்றான்.

"சித்திரை பிறக்க அக்கா வருவா. என்ன சொல்ல?"

அவள் காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

"அக்கா பார்த்த பெட்டைக்கு என்ன வயசாம்?"

"பத்தொன்பதாம்."

"கலியாணக் கூறைச்சீலையை நானே எடுக்கிறன்," என்றாள். "அக்காவுக்கு நிறம் பார்க்கத் தெரியாது."