பின்சக்கரம் ஏறும் இடத்தில் கற்பூரம்: திருவண்ணாமலையில் ஒரு ரவுண்டானா

இப்பதிவில்:
1. ஏன் போனேன்
2. லாரி வளைவதை அளந்தது
3. என் யோசனை: நடுத்திட்டைச் சுற்றித் தாழ்வான கல்வளையம் போதும்
4. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சாலை வடிவமைப்பு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். திருவண்ணாமலையின் புறச்சாலை ரவுண்டானா ஒன்றில், போன மாதம் ஒரு டிரெய்லரின் பின்சக்கரம் பூ விற்கும் கஸ்தூரியின் கூடையை நசுக்கியது. அவர் எழுந்து நகர்ந்ததால் பிழைத்தார். ரவுண்டானாவை எப்படித் திருத்தலாம் என்று, மனுவோடு சேர்க்க ஒரு வரைபடம் கேட்டார்கள் அப்பகுதிக்காரர்கள். என்னால் முடியுமா என்ற தயக்கத்தோடு, பௌர்ணமிக்கு முந்தைய நாள் கிளம்பினேன்.

வேலூரில் காலை 6.10 பேருந்து, 82 கிலோமீட்டர், 70 ரூபாய். 8.30க்கு இறங்கினேன். ரவுண்டானா வரை ஆட்டோ 120.

நீண்ட வண்டி வளையும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. நடுத்திட்டை ஒட்டி உள்ளே வரும். ஒரு லாரி வளைந்துபோன ஈரத் தரையில் இரு தடங்களுக்கும் இடைவெளி 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். (மூன்று முறை அளந்தேன். என் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.) சக்கரம் ஏறிப்போகத் தாழ்வான கல்வளையம் இவ்வளவு அகலத்தில் வேண்டும் என்று, நடுத்திட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மாலை 4.20க்குத் திரும்பினால், முன்கூட்டியே வந்துவிட்ட கிரிவலக்காரர்கள் மலையைப் பார்த்தபடி வட்டத்துக்குள், கோட்டுக்கும் நடுத்திட்டுக்கும் இடையே, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கற்பூரம் எரிந்தது. கஸ்தூரியும் கூடையோடு உள்ளேதான். எதிரே ஒரு கரும்பு லாரி.

"இன்னாம்மா, ரோட்டுலயே குந்திக்கினீங்க?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"சாமிக்குக் கோடு போட்டு வெச்சிருக்காங்க, கண்ணு தெர்லியா?" என்றார் ஓர் அம்மா.

"கோடு போட்டது நான்தான்" என்றேன். கஸ்தூரிக்கு மட்டும் கேட்டது.

"நீங்களா சார்? எதுக்கு?"

"லாரியோட பின்சக்கரம் ஏறுறதுக்கு."

கூடையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "பத்திரமான எடம்னு நெனச்சி வந்து குந்துனேன். டயருக்கு அடியிலயா குந்த வெச்சீங்க?"

ஓட்டுநர் இறங்கி, செருப்பைக் கழற்றி, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாழ்வான கல்வளைய யோசனையை அவரிடம் சொன்னேன். "மலை தெரியுற எடத்த காலியா வுடுவாங்களா சார்? உசரம் கம்மியா இருந்தா ஜாஸ்தி பேரு குந்துவாங்க."

எல்லோரையும் எழுப்பி, வட்டத்தைக் காலால் அழிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. லாரி வளைந்தது. கஸ்தூரி உட்கார்ந்திருந்த இடத்தில்தான் பின்சக்கரம் போனது.

கிரிவலம் போகிறவர்கள் ரவுண்டானா நடுத்திட்டின் ஓரம் நிற்க வேண்டாம். லாரியின் முன்பகுதி விலகிப் போனாலும் பின்சக்கரம் உங்கள் பக்கம் வரும். பௌர்ணமிக்கு முந்தைய மாலையே கூட்டம் தொடங்கிவிடும். காலையில் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வரைபடத்தை இன்னும் அனுப்பவில்லை. மலை தெரியும்படி சாலைக்கு வெளியே உட்கார ஓர் இடமும், அங்கே கஸ்தூரிக்கு ஒரு மேடையும் முதலில் வரைகிறேன். பிறகுதான் வளையம், யாரும் உட்கார முடியாத கரடுமுரடான கல்லில். மேலே பட்டியலில் மூன்றாம் எண்ணில் எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். வளையம் மட்டும் போதும் என்றது தவறு.