முனிராஜ் ஒரு மாசம் நிற்க வேண்டும்

ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவதுதான் என் வேலை. அதற்கு முக்கியத் தகுதி, வெட்கப்படாமல் படி ஏறுவது. சொந்தக்காரப் பையனுக்கு எங்காவது சிபாரிசு செய்துவிட்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்கு அது எப்போதாவது ஒரு தடவை. தர்மபுரியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஆறு வருஷமாக எனக்கு அது தினப்படி.

முனிராஜுக்கு ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர் கோவிந்தனை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். கோவிந்தன் பங்காளி வேறு. அன்றைக்குப் போன கால்தான், இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். முனிராஜுக்கு ஏழு வருஷம். காட்டை விற்ற காசு கேசுக்கே போய்விட்டது.

தூது

வெளியே வந்த அன்றே முனிராஜ் கம்பைநல்லூருக்குப் போயிருக்கிறார். மனைவி செல்வி, ஒன்பதாவது படிக்கும் மகளோடு அங்கே அம்மா வீட்டில் இருக்கிறார். சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பேசிப் பார்க்கலாமே என்று நான் தூது போனேன். இந்த ஆள் உள்ளே போவதற்கு முன்பும் எந்த வேலையிலும் பத்து நாள் தங்கியதில்லை, யாராவது ஒரு சொல் சொன்னால் துண்டை உதறிக்கொண்டு வந்துவிடுவார் என்று செல்வி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் சொன்னார்: "ஒரே எடத்துல ஒரு மாசம் நிக்கட்டுங்க சார். அப்பறம் புள்ளயக் கூட்டிக்கிட்டு நானே வூட்டுக்கு வர்றேனுங்க."

நல்ல ஆள்

முதலில் ஒரு பேக்கரிக்காரரைப் பிடித்தேன். "ஏழு வருஷம் ஒரே இடத்துல இருந்தவருங்க. ஒரு நாள் லீவு போட்டதில்ல. பீடி, தண்ணி எதுவும் கிடையாது" என்று அளந்துவிட்டேன். ஒவ்வொன்றும் உண்மை. அவர் முகம் மலர்ந்தது. "அவ்ளோ நல்ல ஆள எந்தக் கம்பெனிங்க வெளிய விட்டுச்சு?" என்றார்.

சொல்லாமல் முடியுமா? சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாக ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினார்: "பப்ஸ் சூடா இருக்குதுங்க. சாப்ட்டுட்டுக் கெளம்புங்க சார்."

ரெண்டு ரெண்டு பேராக

அடுத்து ஒரு காய்கறி மண்டியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் மாலை மண்டிக்காரர், "எல்லாரும் போனப்பறம் பாத்துப் பூட்டுங்க" என்று சொன்னது தப்பாகப் போயிற்று.

ஜெயிலுக்குள்ளே சாயங்காலமானால் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இல்லாவிட்டால் யாரும் நகர முடியாது. ஏழு வருஷப் பழக்கம். முனிராஜ் கேட்டைச் சாத்தி, லோடுமேன்களை ரெண்டு ரெண்டு பேராகக் குந்த வைத்து எண்ணினார். காலையில் வந்தது பதினேழு, இருப்பது பதினாறு. குறைந்த ஆள் ஏதோ விசேஷம் என்று மத்தியானமே பஸ் ஏறியிருக்கிறார். அது தெரிகிற வரை முனிராஜ் சாவியைக் கொடுக்கவில்லை. லோடுமேன்கள் ஊருக்குப் போகிற ஓசூர் பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் மண்டிக்காரர் போன் போட்டார்: "ஆள் யோக்கியந்தான் சார், இல்லைங்கல. ஆனா மொதலாளி என்னையே ரெண்டாவது வரிசையில குந்த வெச்சிட்டாருங்க!"

ஒரு மாசம் மறுபடி ஒன்றிலிருந்து.

பண்ணை

பாலக்கோடு போகும் வழியில் சரஸ்வதி என்பவர் தக்காளி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். அதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. வணக்கம் சொன்ன கையோடு, ஜெயில், ஏழு வருஷம், மண்வெட்டிக் காம்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தம்மா நிழல்வலைக்கு அடியில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவேயில்லை. "எதுக்கு அடிச்சாராம்?" என்றார். வரப்புக்காக என்றேன்.

"இங்க வரப்பே கெடையாதுங்க, எல்லாம் தட்டுலதான் வளருது. நாளைக்கே வரச் சொல்லுங்க."

இருபத்து மூன்றாம் நாள்

பதினோரு மணி இருக்கும். முனிராஜ் போனில் கிசுகிசுத்தார். "சார், கோவிந்தண்ணன் நாத்து வாங்க வந்திருக்காருங்க. நான் பின்பக்கமாப் போயிர்றேன் சார்." அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் நாற்றுக்கு வருகிற இடம் அது. இதை முன்பே யோசிக்காத என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன். "ஓடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் சரஸ்வதி அம்மாள், கோவிந்தன் கொண்டுவந்த டெம்போவில் தட்டு ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார். முனிராஜ் போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கால் இழுபடும் சத்தம் நெருங்கியது. நான் கேட்டிராத ஒரு குரல் வந்தது: "தட்ட நேராப் புடிடா, நாத்து ஒடியுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்?

இருபத்தாறாம் நாள்

செல்வி ஒரு பெரிய பையோடும் மகளோடும் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, பண்ணைக்கு எந்த பஸ் என்று கேட்டார். வந்த நல்ல சமாச்சாரத்தைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாத நான், "மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கேம்மா" என்றேன்.

"கோவிந்தண்ணன் வூட்டு அக்கா போன் பண்ணுச்சுங்க. காலொடிஞ்சவரே எங்க வூட்டுக்காரரு கையால நாத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் இன்னும் நாள் எண்ணிக்கிட்டு ஒக்காந்திருந்தா நல்லாவாங்க இருக்கும்?"

முனிராஜை வேலையில் நிலைக்க வைத்தது நான்தான் என்று ஆபீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் என் பங்கு, போனைக் கட் பண்ணாமல் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமே.